நோயாளி மறுத்தாரா?

போன சனிக்கிழமை கொழும்பு, பாமன்கடையிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"பிள்ளை, நீதான் ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போட்டு வடிவா எழுதுவாய். அந்த டொக்டருக்கு மேல ஒரு கொம்ப்ளெயின்ற் எழுதவேணும். வா."

போனேன். ஆனால் என் தொழில் மென்பொருளில் பிழை தேடுவது. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே கதவடியிலேயே கேட்டேன்: "மாமா, ஃபைல் எங்க?"

விஷயம் இதுதான். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், மாமிக்குத் திடீரென்று தலையிடி. தலைக்குள் ஏதோ வெடித்த மாதிரி. அடுத்த நாள் காலை ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஸ்கேனில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த இரண்டாம் நாள் மாமி மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு... அந்தத் தலையிடியோடேயே தொடங்கியதாம்.

உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை.

மாமி கணித டியூஷன் ரீச்சர். வெள்ளவத்தையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் விளங்கியது அவரால்தான். எனக்கும். இப்போது அந்தக் கையால் மார்க்கர் பிடிக்க முடியவில்லை. வகுப்பு நின்றுவிட்டது. இதற்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. தலையிடிக் குளிசையைக் குடுத்து அனுப்பிப்போட்டாங்கள்" என்றார் மாமா. மருத்துவமனை ஃபைலின் பிரதியை வாங்கி வைத்திருந்தார். வாசிக்கவில்லை.

நான் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: "முதுகு நீர்ப் பரிசோதனை வலியுறுத்தப்பட்டது. ஆபத்து விளக்கப்பட்டது. நோயாளி மறுத்தார்." ஸ்கேனில் தப்பும் சிறிய கசிவை முதுகு நீர் காட்டிக்கொடுத்துவிடும். முதுகில் ஊசி குத்தி அதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை அது. கீழே மாமியின் பெயர், கையொப்பம்.

என் சந்தேகங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்று, அந்த வரி மட்டும் இரண்டு வரிகளுக்கு நடுவில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. பிறகு செருகியதோ? இரண்டு, விளக்கினார்களாம். யாருக்கு? மூன்று, அந்தக் கையொப்பம். என் பழைய கொப்பிகளிலுள்ள மாமியின் கையொப்பம் சின்னது, நேரானது. இதற்குப் பட்டம் மாதிரி ஒரு வால். இந்த வாலை எங்கேயோ...

"மாமா, இது உங்கட சைன் எல்லோ?"

"ஓம். பின்ன? வீட்டில எல்லாத்துக்கும் நான்தானே வைக்கிறனான். அவ தலையிடியோட கிடந்தவ."

"அப்ப டொக்டர் சொன்னவர்தானே?"

"முதுகில ஊசி குத்தவேணும் எண்டார். இடுப்பு, நாரி எல்லாம் போயிடும் பிள்ளை! சந்தியில கடை வச்சிருந்த ஒருத்தர் அதுக்குப் பிறகு நிமிரவேயில்லை. கனடாவுக்குக் கோல் எடுத்துச் சுதனையும் கேட்டனான். அவனும் வேண்டாமெண்டான்."

"உங்கட மகன் அங்க என்ன வேலை?"

"அக்கவுண்டன்ட்."

ஆக, சந்திக் கடைக்காரரின் முதுகு, கனடா அக்கவுண்டன்ட், மாமா. மூவரும் கருத்துச் சொல்லியாயிற்று. மிச்சம் ஒருவர். அவர் எதிர்ச் செற்றியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, உங்களிட்ட ஆராவது கேட்டவையா?"

"திரைச்சீலைக்கு அங்கால நிண்டு கதைச்சவை. எல்லாம் காதில விழுந்தது. இஞ்சால ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை."

"கேட்டிருந்தால்?"

"குத்துங்கோ எண்டிருப்பன். சுதனைப் பெறேக்க முதுகில ஊசி போட்டுத்தானே ஒப்பரேஷன் செய்தவை. என்ர நாரி போனதே? இவருக்கு அது தெரியாது. அப்ப வெளியில நிண்டவர்."

மாமா ஃபேனைப் பார்த்தார்.

நம் வீடுகளில் நோயாளி எங்கே மறுக்கிறார்? நாம்தான் அவருக்காக மறுக்கிறோம். நம் பயத்துக்கு அக்கறை என்று பெயர். டொக்டரும் வசதியாகக் கணவனைக் கேட்டுவிட்டு 'நோயாளி' என்று எழுதிவிடுகிறார். திரைச்சீலையை விலக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? விபரீதம் நடந்த பிறகு அவர்கள் ஃபைலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாம் "ஒண்டும் சொல்லேல்லை" என்கிறோம். இரண்டையும் நான் நம்புவதாக இல்லை. அந்த நெருக்கி எழுதிய வரியையும்தான்.

"உந்த ஊசிக் கதையை விட்டிட்டு எழுதுவம்" என்றார் மாமா மெதுவாக.

"விடாத பிள்ளை" என்றார் மாமி. "டொக்டர் என்னைக் கேக்கேல்லை. என்ர மனிசனும் கேக்கேல்லை. ரெண்டையும் போடு."

"இஞ்சேரப்பா, அப்பிடிப் போட்டால் கேஸ் நிக்காது."

"நிக்காட்டிப் போகட்டும். கணக்கில நடுவில படியை விட்டிட்டு விடையை மட்டும் எழுதினால், நான் புள்ளி போடுறனானே?"

அப்படியே எழுதினேன். படி விடாமல். கையொப்பமிட வேண்டிய இடம் வந்ததும் மாமாவின் கை, பழக்க தோஷத்தில், தானாகப் பேனைக்குப் போயிற்று.

"இஞ்ச தாங்கோ" என்று மாமி இடது கையை நீட்டினார்.

முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரிக் கோணல்மாணலாக ஒரு கையொப்பம். வால் இல்லை.

இந்த வாரம் முழுக்க, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்கும் மாமா அவரைக் கேட்கிறாராம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறாரா... அதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.