மத்தியான வெடியும் ஒரு தையல் மெஷினும்

என் பழைய தையல் மெஷினின் தலை கீழே விழுந்து பிளந்தது ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால். பலகையின் கீல் ஆடுவதை நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன், அனுபவித்தேன். வார்ப்பிரும்பு, வெல்டிங் நிற்காது, இதைத் தலைமுழுகிவிடு என்றார் ரிப்பேர்காரர். ஊர்ப் பெண்களின் தீபாவளி ரவிக்கைத் துணியெல்லாம் என் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. நேரத்துக்குத் தைத்துக் கொடுக்காவிட்டால் அப்புறம் எங்கள் வடக்குத்து ஊரில் ஒருத்தி என் வாசலை மிதிப்பாளா? வீட்டுக்காரர் ஊரை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிக்குக் குழி போடும் கூட்டத்தில் கான்ட்ராக்ட் ஆள். மகளின் காலேஜ் படிப்பு நான் மெஷின் மிதிப்பதில்தான் ஓடுகிறது.

புது மெஷின் விலையைக் கேட்டதும் கடையிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நல்லவேளை, எங்களுக்கு இன்னொரு வழி உண்டு. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். வடக்குத்து வீடுகளில் பாதிக் கட்டிலும் பீரோவும் அப்படி வந்தவைதான். ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஒருத்தி ஒரு போன் நம்பர் கொடுத்தாள். போன் செய்தேன். மனைவி இறந்து சில மாதம் ஆகிறது, மகனோடு கோயமுத்தூருக்குப் போகிறேன், அவள் மெஷினை வந்து எடுத்துக்கொள் என்றார் அந்தப் பெரியவர்.

அவர் இருந்த பிளாக்கில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலி. ஜன்னல் வழியாக வேப்பங்கிளை உள்ளே போயிருந்தது. பட்டப்பகலிலேயே எனக்கு என்னவோ போல் இருந்தது. பெரியவர் பழுப்புக் கட்டம் போட்ட புதுச் சட்டை போட்டிருந்தார். அதில் பை இல்லை. இடது மார்பில் பை வைக்க வெள்ளை நூலில் நான்கு மூலைக்கும் குறி போட்டது அப்படியே நின்றது. கண்ணாடியையும் போனையும் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்காவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி இல்லாத வீடு இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன விலைக்கு மறுபேச்சே பேசவில்லை. மெஷினை ஏற்றும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணி. வெறும் மெஷின் ஓடினால் வீட்டில் சண்டை வரும் என்று, எழுந்திருக்கும் முன் ஒரு துண்டை வைத்துவிட்டு எழுவது எங்கள் பழக்கம். அந்தம்மாவும் அப்படி வைத்திருப்பார் என்று நூலை அறுத்து இழுத்து, எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். அலமாரியில் பாத்திரம் கலகலத்தது, அது எப்போதும் உள்ளதுதான். அது அடங்கிய பிறகு முன்னறையில் மிதி ஆடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மேல் சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரித்தார். "நாங்க வைக்கிற வெடியில செவுரே வெடிப்பு வுட்டுக்கினு நிக்கிது. ஒஞ் சக்கரம் ஆடாதா?"

எங்கள் ஊரில் எது ஆடினாலும் வெடிதான். நானும் ஒப்புக்கொண்டேன். தினமும் மத்தியானம் வெடி வைத்தார்கள், தினமும் சக்கரம் சுற்றியது. தையலும் நேராக விழுந்தது, பொய் சொல்லக் கூடாது. ரவிக்கை மூட்டை பாதியாகக் குறைந்தது.

ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, மிதியையும் மேல் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டி, சக்கரத்தின் உச்சியில் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டேன். அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் எடுக்க மாட்டோம். வீட்டுக்காரரும் லீவு. சாப்பிட்டுவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம். பாத்திரம் ஆடவில்லை.

"வெடியா?" என்றேன்.

"இன்னிக்கி ஏது வெடி? ஒருத்தனும் மருந்தத் தொடல."

போய்ப் பார்த்தோம். உச்சியில் வைத்த பொட்டு சக்கரத்தின் அடியில் இருந்தது. அவர் பெல்ட்டைப் பார்த்தார். அது ஆணியில் தொங்கியது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் மீதி ரவிக்கையை எதில் தைப்பது? வேறு மெஷின் வாங்க யாரிடம் போய் நிற்பது?

அப்போதுதான் பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தேன். அழுக்குக்கு அடியில் பழுப்புக் கட்டம். சோப்புப் போட்டு அலசி விரித்தேன். சட்டைப் பை. மேல் மடிப்பு தைத்து முடித்து, ஒரு பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டே வந்து, பாதியில் நின்றிருந்தது.

பெரியவருக்குப் போன் செய்தேன். சக்கரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"வெடி வச்சா அவ மெஷினை நிறுத்திடுவாம்மா, தையல் கோணும்னு. அடங்கினதும் மறுபடி மிதிப்பா. அன்னிக்கும் வெடி வச்சாங்க, மெஷின் நின்னுது. நான் உள்ரூம்ல பேப்பர் படிச்சிக்கிட்டு, இப்ப மிதிப்பா, இப்ப மிதிப்பான்னு உக்காந்திருந்தேன். எழுந்து போய்ப் பாக்கலியேம்மா."

அந்தத் துணியைத் தொடத் தனக்குக் கை வரவில்லை, நீயே முடித்து வை, அடுத்த மாதம் வரும்போது சட்டையைக் கொண்டுவருகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

மறுநாள் விஜயதசமி. பெல்ட்டை மாட்டி, அந்தம்மா விட்ட இடத்தில் ஊசியை இறக்கி, பையின் மிச்சத்தை முடித்தேன். முடிச்சுப் போட்டு நூலை அறுத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு மெஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். வெடி வைத்தார்கள். பாத்திரம் கலகலத்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தரை என் காலடியில் நடுங்கியது. சக்கரம் மட்டும் அசையவில்லை. இத்தனை அதிர்வுக்குக் கொஞ்சமாவது ஆட வேண்டுமே என்று எனக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது. எல்லாம் அடங்கியது. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்க, இப்போது மிதிப்பார், இப்போது மிதிப்பார் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.