தாமரைக்கு யார் சொந்தம்

அண்ணனூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வேலப்பன்சாவடி அருகே ஒரு கல்லூரியில் பல வருடங்களாகத் தாவரவியல் நடத்துகிறேன். மறுக்க வழியில்லை, மறுக்க விருப்பமும் இல்லை. பெயர் மட்டும் போதாது, எந்தக் குடும்பம் என்பதும் இருக்கட்டும் என்று நானே வேலையைக் கூட்டிக்கொண்டேன்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றுக்கும் எழுதி முடித்துவிட்டேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. செம்பருத்தியும் பூவரசும் ஒரு குடும்பம். சங்குப்பூவும் கொன்றையும் ஒரு குடும்பம். வாசலருகே இரண்டு சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் ஊதா அல்லி, இன்னொன்றில் தாமரை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பலகையில் ‘அல்லிக் குடும்பம்’ என்று எழுதினேன். நான் படித்த காலத்தில் பாடம் அப்படித்தான் இருந்தது.

பலகைகளை நட்டவர் எங்கள் தோட்டக்காரர். என்னைப் போலவே ஐம்பதை ஒட்டிய வயது. அவர் குடும்பம் அயப்பாக்கம் பக்கம் காலங்காலமாகப் பயிர் செய்துவந்தது. இப்போது அவர் மூன்று குடியிருப்புகளின் தோட்டங்களைப் பார்த்துக்கொள்கிறார். எல்லாப் பலகைகளையும் நட்டவர், தொட்டிப் பலகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா மேடம், ரெண்டும் ஒரே ஊட்டுப் புள்ளைங்கன்னு எழுதிகீறீங்க?”

“ஆமாண்ணே. அல்லியும் தாமரையும் அக்கா தங்கச்சி மாதிரி.”

“தண்ணில கீதுங்கன்றதுக்காக சொந்தமாய்டுமா? இத்தப் பாருங்க.” அல்லி இலையைத் தூக்கிக் காட்டினார். ஓரத்திலிருந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு. தாமரை இலையில் வெட்டே இல்லை, தட்டு மாதிரி முழுசாக இருந்தது. “அல்லிக்காய் தண்ணிக்குள்ள போய்தான் முத்தும். தாமரக்காய் மேலயே நிக்கும், பூவாளி மூஞ்சி கணக்கா. என்னக் கேட்டா தாமரைக்கு சொந்தம் சேம்புதான். ரெண்டு இலையிலயும் தண்ணி ஒட்டாது பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சேம்பு, நெல்லையும் தென்னையையும் போல ஒருவித்திலைக் கூட்டம். தாமரைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

“நீங்க படிச்சவங்க. நடச் சொன்னா நட்டுடறேன்” என்றார்.

அந்த வார்த்தை சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் எனக்குத் தெரியும். மரபணுக்களை வைத்துச் செய்த புதிய வகைப்பாட்டில் தாமரை அல்லிக் குடும்பத்தை விட்டு வெளியேறி வெகுநாளாகிறது. வகுப்பில் அதைப் பாடத்தின் கடைசியில் பத்து நிமிடம் சொல்லிவிட்டுப் போவேன். ஆனால் பலகையில் எழுதும்போது, இருபது வயதில் மனப்பாடம் செய்ததைத்தான் கை எழுதியிருந்தது.

“இப்ப நடாதீங்கண்ணே. நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் காலையில் இரண்டு தொட்டியிலிருந்தும் ஒவ்வொரு பூவைப் பறித்து, ஒரு டப்பாவில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். வகுப்பில்லாத நேரத்தில் ஆய்வகத்தில் உட்கார்ந்து, மகரந்தத்தைக் கண்ணாடித் துண்டில் தட்டி, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். அல்லியின் மகரந்தத்தில் இடுப்பைச் சுற்றிய கயிறு மாதிரி ஒரே ஒரு பள்ளம். தாமரையின் மகரந்தத்தில் மூன்று. மாம்பூவிலும் முருங்கைப் பூவிலும் பார்க்கிற அதே மூன்று பள்ளங்கள். புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்தது அன்றுதான். அடுத்த வகுப்புக்கு மணியடித்தபோதுதான் எழுந்தேன்.

பூக்கும் தாவரங்களை ஒரு குலமாக நினைத்தால், அல்லியின் முன்னோர்கள் ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவினையே வருவதற்கு முன்பு தனிக்குடித்தனம் போய்விட்டவர்கள். தாமரை, மூன்று பள்ளக்காரர்களின் பெரிய கிளையில் வெகுகாலம் கழித்துப் பிறந்தது. தனித்தனியாகத் தண்ணீருக்குள் இறங்கிய இரண்டும், அங்கே வாழ்வதற்கு வேண்டிய ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

சாயங்காலம் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நேராகப் போய், “நான் எழுதினது தப்புண்ணே. காலேஜ்ல மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் வேற வேறதான்” என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப சேம்பு?”

“அதுவும் இல்லண்ணே.”

“பின்ன யாருதான் தாமரைக்கு சொந்தம்?”

“ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல நிழலுக்கு உயரமா நிக்குமே சில்வர் ஓக், அது.”

குழாயை அப்படியே தரையில் போட்டுவிட்டுச் சிரித்தார். “மரமா! நல்லாக் கீது போங்க. அப்ப ரெண்டு பேருமே ஃபெயிலு மேடம்.”

சங்கச் செயலாளரிடம் பலகையை மாற்ற வேண்டும் என்றபோது, “இருக்கட்டும் மேடம், யார் பார்க்கப்போறாங்க?” என்றார். நான் விடவில்லை. தொட்டிக்கொன்றாக இரண்டு பலகைகள் வந்தன. கேட்டவர்களிடம் முதலில் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வகுப்பிலும் அந்தப் பத்து நிமிடம் இப்போது முழு ஒரு மணி நேரமாகிவிட்டது.

ஞாயிறு காலைகளில் கையில் டீயோடு நாங்கள் இருவரும் மற்ற பலகைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். நொச்சியைத் துளசிக் குடும்பத்துக்கு மாற்றியாகிவிட்டது. இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். போன வாரம் எருக்கு. அதற்கெனத் தனிக் குடும்பம் எழுதியிருந்தேன். இப்போது அது அரளியின் குடும்பத்திலேயே சேர்ந்துவிட்டது என்றேன்.

“இதுக்கு மைக்ரோஸ்கோப்பு எதுக்கு?” என்றார் அவர். “ரெண்டையும் கிள்ளினா பால் வருதே.”