சிலோன் டீக்கடை போர்டு

பந்த் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். ஆனால் போன வாரம் ராஜபாளையத்தில் நடந்த பந்துக்கு நானும் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டேன். இலங்கையில் தமிழர்களை வீட்டோடு வைத்துக் கொளுத்துகிறார்கள்... பேப்பரில் அதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூர் போக பஸ் இல்லை. சுப்பராஜா அண்ணாச்சியின் சைக்கிள் கடை வாசலில் நிலைகொள்ளாமல் நின்றேன். அண்ணாச்சிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

அடுத்த கடை மாரிமுத்துவுடையது. வாசலுக்கு மேலே பெரிய போர்டு — 'சிலோன் டீக்கடை'. மாரிமுத்து பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். உன் நாடு இந்தியா, அங்கே போ என்று கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன். இங்கே வந்ததும் சிலோன்காரர்! பந்துக்காகக் கடையை அடைத்துவிட்டு, உள்ளே ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். தங்கை இன்னும் பதுளையில்தான் இருக்கிறாள். இருக்கிறாளா என்பதே தெரியவில்லை.

ஊர்வலம் வந்தது. முன்வரிசையில் மில் இளைஞர்கள், தொண்டை கிழியக் கோஷம். திடீரென்று ஒருவன் நின்றான்.

"ஏலே, போர்டைப் பாத்தியா? சிலோன்காரன் கடைலே!"

சடாரென்று ஒரு கல் போர்டில் விழுந்தது.

"ஒரேய், ஆகண்ட்ரா!" என்று அண்ணாச்சி குறுக்கே பாய்ந்தார். நிறுத்துங்கடா என்கிறார். ஐயோ, இந்த நேரம் பார்த்தா அவருக்குத் தெலுங்கு வர வேண்டும்?

"இவரு யாருவே? மொதல்ல தமிழ்ல பேசச் சொல்லு!"

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறந்ததே இந்த ஊர்லதாம்லே!"

நான் ஓரடி பின்னால் வைத்தேன். கோபத்தில்தான்... சரி, கொஞ்சம் பயமும்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழனுக்காக உயிரை விடுகிறோம். அவனே பக்கத்துக் கடையில் டீ ஆற்றினால் நமக்கு அடையாளம் தெரியாதா?

கதவைத் திறந்துகொண்டு மாரிமுத்து வெளியே வந்தார்.

"கல்ல என் மேல போடுங்க தம்பி. போர்ட மட்டும் விட்டுருங்க."

"அப்படி என்னவே இருக்கு அந்தப் போர்டுல?"

"தங்கச்சி அங்க மாட்டிக்கிட்டிருக்கா. எப்படியாவது தப்பிச்சு வந்தா, ராஜபாளையத்துல எறங்கி சிலோன் டீக்கடை எங்கன்னு கேளுன்னு சொல்லி வச்சிருக்கேன். வேற விலாசம் அவளுக்குத் தெரியாது."

கோஷம் நின்றது. கல் எறிந்தவன் முகம் செத்துப் போயிற்று. பாவம், அவனும் கெட்டவன் இல்லை. யாரிடமோ ஒரு சாக்பீஸை வாங்கி, "பின்னால வாரவனுக்கு விவரம் தெரியாதுல்லாண்ணே" என்று மாரிமுத்துவிடம் சொல்லியபடி கடைக் கதவில் பெரிதாக எழுதினான் — 'இது தமிழன் கடை'.

மாரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன கலவரத்துல எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கதவுலயும் இதத்தான் எழுதிட்டுப் போனாங்க தம்பி. கொளுத்த வாரவனுக்கு அடையாளம் தெரியணும்னு."

இளைஞன் சாக்பீஸைக் கீழே போட்டான். அண்ணாச்சி அதை எடுத்து அவனிடமே நீட்டினார்.

"என் கடைக் கதவுல என்னன்னுலே எழுதப் போற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஊர்வலத்தோடு போய்விட்டான். நான் கறுப்புத் துணியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடை திறந்ததும் மாரிமுத்து முதல் வேலையாக அந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். போர்டு அப்படியே இருக்கிறது, 'சி'க்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தோடு. தங்கையைப் பற்றி இன்றுவரை தகவல் எதுவும் இல்லை. நானும் தினமும் அங்கே போய் டீ குடிக்கிறேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

எதிரே மதுரை பஸ் வந்து நின்றால், கையில் பிடித்த டயரைப் போட்டுவிட்டு முதலில் எழுந்து பார்ப்பவர் சுப்பராஜா அண்ணாச்சிதான்.