குளிசையின் கூடு

என் மகளுக்குப் பதினெட்டு வயது. சிறு வயதில் வந்த நிமோனியா அவளுடைய இடது நுரையீரலைப் பழுதாக்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு மாரி தொடக்கத்திலும் சளியும் காய்ச்சலும் வரும். பத்து நாளுக்கு அன்ரிபயோட்டிக் குளிசை தருவார்கள்.

கந்தசஷ்டி விரதமும் அந்த நாட்களில்தான் வரும். குளிசையின் மெல்லிய கூடு மாட்டெலும்பிலிருந்து எடுத்த பசையில் செய்யப்படுகிறது என்று எங்கோ வாசித்திருந்தேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இருந்தும் விரத வீட்டில் அதை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. காய்ச்சல் விட்டிருந்தால் மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். மூன்று வருடம் அப்படிச் செய்தேன்.

இந்த ஆனியில் அவள் இருமிய சளியில் இரத்தம் இருந்தது. பரிசோதனை அறிக்கையில் வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் கிருமி வென்றிருந்தது.

“முந்தி மருந்தை இடையிலை நிப்பாட்டினனீங்களோ அம்மா?” என்று வைத்தியர் கேட்டார்.

“இல்லை டொக்டர்.”

மகள் என்னைப் பார்த்தாள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டிய ஒரு நனோ மருந்தைப் பற்றி அவர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்திருப்பார்களாம். மெசினில் புகையாக இழுத்தால், கிருமி ஒளிந்திருக்கும் சளிக்குள் போய்த்தான் குமிழி மருந்தை விடுமாம்.

“இதையும் இடையிலை விட்டால், பிறகு தர என்னட்டை ஒண்டுமில்லை.”

“முந்தி இடையிலை விட்டனான் டொக்டர்,” என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் பேனையை வைத்தார். “குளிசைக்குப் பதிலா குடிக்கிற பாணி மருந்தா எழுதித் தந்திருப்பமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“அதாலைதான் இப்பிடி வந்ததோ?”

“அதாலைதான் எண்டும் சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது.”

வெளியே வந்ததும் மகள், “அது என்ன கொழுப்பெண்டு நீங்கள் கேக்கேல்லையே அம்மா,” என்றாள். சிரிக்கப் போய் இருமினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நேரம் இருமினாள்.

நான்கு மாதமாக அந்த மருந்தை இழுக்கிறாள். குரல் கரகரத்துவிட்டது. சளியில் கிருமி இன்னும் வளர்கிறது. குறைந்திருக்கிறது என்கிறார்கள்; எனக்கு வளர்கிறது என்பது மட்டும்தான் கேட்கிறது.

நேற்று விரதம் தொடங்கியது. தோய்ந்துவிட்டு வந்து, விளக்கேற்ற முன்னம் மெசினில் மருந்தை ஊற்றிப் பூட்டி அவளிடம் கொடுத்தேன். கிண்ணத்தில் கடைசித் துளி தீரும்வரை பக்கத்தில் இருந்தேன். அடுத்த பரிசோதனை முடிவு விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போரன்று வரும்.