விமானிகளுக்கு முன்னால் எனக்குப் பரீட்சை

கேப்டன் குணரத்தினம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, தேக்கா சந்தைக் காப்பிக்கடையில் அவருக்கும் சேர்த்து நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் அவர் மனைவிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, காலி நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்றார். ஆள் வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தை எத்தனை சுற்றுச் சுற்றினாரோ, ஓய்ந்தபின் விமானிகளைச் சோதிக்கும் வேலைக்கு வந்தார். இந்தக் காலத்து விமானம் பெரும்பாலும் தானே பறக்கிறது. எந்த 'மோட்'டில், அதாவது எந்தத் தானியங்கி முறையில் பறக்கிறது, அந்த மோட்டில் அடுத்து என்ன செய்யும் என்பது ஓட்டுபவருக்கு விளங்குகிறதா என்று கேள்வி கேட்டே கண்டுபிடிப்பார். புலியாக நுழைந்த விமானிகள் பூனையாக வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. பார்த்தது போலவே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவன். தொடக்கநிலை ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. ஆனால் என் கிரேன் திரும்பினால் எதிர்க்கரை ஜொகூரில் நிழல் விழும். புக்கிட் பாத்தோக்கில் கேப்டனும் நானும் ஒரே அடுக்குமாடி புளோக். சனிக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுக் காப்பி குடிக்கும்போது, புதிதாக எழுதிய கேள்வியைக் கைப்பேசியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டுவார்.

"மாரி, விமானம் இறங்குது. இந்த மோட்ல வேகத்தப் பிடிச்சு வைக்கிறது மூக்கா, எஞ்சினா?"

"மூக்குதான் கேப்டன். எஞ்சினுக்கு அப்ப என்ன வேலை?"

"எப்படிச் சொல்றீங்க?"

"கிரேன்ல பழகினதுதான் லா."

சிரித்துக்கொண்டே திரையில் எதையோ அழிப்பார். என் பேச்சைக் கேட்டுத் திருத்துகிறார் என்று நினைத்தேன். விமானிகளின் கேள்வித்தாள் என் கையைத் தாண்டித்தான் போகிறது என்று புளோக் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை வேறு மாதிரிக் கேட்டார். "நீங்க ஒரு பொத்தானையும் தொடல. மோட் தானா மாறிடுச்சு. ஏன் மாறுச்சு? மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் தொடாமலே என் கிரேன் ஒரு தடவை நகர்ந்திருக்கிறது. கீழே ஆட்கள் நின்றார்கள். அதை நான் எங்கும் கதையாகச் சொன்னதில்லை.

"தெரியல கேப்டன்."

கேப்டன் கைப்பேசியைக் கீழே வைத்தார். "தெரியலன்னு சொல்றவன் பக்கத்துல நான் தைரியமா உட்காருவேன், மாரி" என்று சொல்லி, எனக்கு இன்னொரு வடை வாங்கித் தந்தார். அந்தக் கேள்வியை மட்டும் அழிக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரிடம் படித்த விமானிகள் வெள்ளைச் சட்டையில் கூடியிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஆரம்பித்தேன். "கேப்டன் கேள்வியெல்லாம் நான் பாத்துச் சரி சொன்னதுதான்."

ஓர் இளம் பெண் விமானி திரும்பினார். "அங்கிள், நீங்கதான் மாரி அங்கிளா?"

"ஆமாம்மா. சொல்லியிருக்காரா?"

"மாரி டெஸ்ட்னே சொல்வாரு. ஒரு கேள்விக்கு நீங்க சரியா சொல்லிட்டா அதத் தூக்கிடுவாரு. ஒண்ணுமே தெரியாம பதில் சொல்ல முடிஞ்சா அது டெஸ்டே இல்லயாம்."

கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. பக்கத்தில் நின்றவர் இருமிக்கொண்டு அப்பால் போனார். கேப்டனின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். இத்தனை வருடம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. மாலைகளுக்கு நடுவே கிடந்தவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு கேள்வி மட்டும் இன்னும் இருக்கு அங்கிள். தொடாமலே மோட் மாறுறது. நாங்க சுத்தி வளச்சா, 'மாரியே தெரியலன்னு சொன்னாரு, உங்களுக்குச் சொல்ல என்ன வெட்கம்?'னு கேப்பாரு."

மாரியே. என் வாயைப் பற்றி அவருக்கு என்ன எண்ணம் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதே வாயிலிருந்து ஒரே ஒரு பதிலை அவர் எடுத்து வைத்துக்கொண்டதும் அதில்தான் இருக்கிறது. வெட்கத்தோடு அதை வாங்கி வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை தேக்காவில், கேப்டன் எப்படிப் போனார் என்று கடைக்காரர் கேட்டார். நல்ல கதை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியல" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைக் காட்டி, ஆள் வருகிறாரா என்றார்.

"யாரும் வரல. எடுத்துக்குங்க."