சாண்டா சாமி

என் அப்பா தாடி வைத்திருந்தது ஒரே ஒரு குளிர்காலத்தில்தான். அந்தத் தாடியை ஒழித்துக்கட்ட நான் நியூயார்க் வரை போக வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. நியூ ஜெர்சியில், எடிசனில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தோம். அப்பாவுக்கு சாஃப்ட்வேர் வேலை. பக்தியைப் பொறுத்தவரை அவர் அம்மாவின் கார் டிரைவர், அவ்வளவுதான். எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் மசால் தோசையோடு உட்கார்ந்திருப்பார். அர்ச்சனை முடிந்து நாங்கள் வரும்போது கை கழுவிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் கார்த்திகை முதல் தேதி காலையில், எங்களை எழுப்பாமல் தனியாகக் கோயிலுக்குப் போய், கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாகத் திரும்பி வந்து நின்றார். ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டாராம்.

அன்று முதல் வீடு தலைகீழானது. அப்பா விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். குளியலறைக்குள்ளிருந்து சரண கோஷம் கேட்கும். அதில் பாதி பக்தி, மீதி குளிர். ஹாலில் கார்ப்பெட் மேல் தலையணை இல்லாமல் படுத்தார். வெளியே ஒரு வாய் காபி கூடக் குடிப்பதில்லை. வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் கோயில் குருசாமி, அவரும் ஒரு சாஃப்ட்வேர்காரர்தான், "ஸ்னோல வெறுங்காலோட போனீங்கன்னா ஐயப்பனே உங்களைத் திட்டுவார் சாமி" என்று சொல்லி ரப்பர் செருப்புக்கு அனுமதி கொடுத்திருந்தார். அப்பா தடிமனான கறுப்பு சாக்ஸ் போட்டு, அதன் மேல் ஹவாய் செருப்பை மாட்டுவார். விரல் இடுக்கில் வார் நுழைய இடமில்லாமல் சாக்ஸ் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

மாலை போட்டவருக்கு எதிரில் வருகிற எல்லோரும் சாமி. நான் சாமி. பார்சல் கொண்டுவருகிறவர் சாமி. ஒருநாள் ஆபீஸ் காலில் தன் மேனேஜரைப் பார்த்து "ஓகே சாமி" என்று சொல்லிவிட்டார். அவர் அதைத் தன் பெயரைத் தப்பாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு திருத்தினாராம்.

இன்னொரு விதியும் இருந்தது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் மேல் ஒருவர் படக்கூடாது. காபி டம்ளரைக்கூட அம்மா கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இதை மாடி வீட்டு ஆன்ட்டி எனக்கு விளக்கிச் சொன்னதும், அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். விரதத்தில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை அமல்படுத்தாமல் என்னால் இருக்க முடியாது. சோபாவில் அம்மா கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் போதும், "நோ டச்சிங்!" என்று கத்துவேன். இருவரும் பயந்த மாதிரி விலகிக்கொள்வார்கள்.

என்னுடைய பிரச்சினை தாடி. அது ஒழுங்காகவும் வளரவில்லை. கன்னத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு, மோவாயில் வெள்ளை. பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட வந்தவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, என் வகுப்புத் தோழி ஒருத்தி, உன் அப்பா மேஜிக் ஷோ நடத்துகிறாரா என்று கேட்டாள். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் எங்கள் பள்ளியில் அப்பாக்களோடு டோனட் சாப்பிடுகிற காலை விருந்து ஒன்று உண்டு. எல்லா அப்பாக்களும் சின்ன நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். அதற்குள் மாலையைக் கழற்றுவாரா என்பதற்கு யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. கறுப்பு வேட்டியும் சாக்ஸ் செருப்புமாக அவர் வந்து உட்கார்ந்து, டோனட்டில் முட்டை இருக்கிறதா என்று என் டீச்சரைக் கேட்கப்போகும் காட்சி இரவெல்லாம் என் கண் முன்னால் வந்தது.

"எதுக்குப்பா மாலை?" என்று கேட்டேன்.

"ஒரு வேண்டுதல் சாமி. ஐயப்பன்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்."

"வாட்?"

"வெளிய சொல்லக்கூடாது" என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

அதே மாதங்களில் அம்மாவுக்குப் பல்வலி. அடிக்கடி டாக்டரிடம் போவாள். அப்போதெல்லாம் என்னைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது மாடி வீட்டு ஆன்ட்டி. அமெரிக்காவில் ஒவ்வொரு பல்லாகக் கூப்பிட்டுத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது பல் இல்லை. அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. முதலில் படம் எடுத்தார்கள், பிறகு வேறு விதமாகப் படம் எடுத்தார்கள், கடைசியில் ஊசி போட்டுத் துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு திங்கட்கிழமை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். இதை எனக்குச் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பல்லும் தாடியும் மட்டும்தான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் அம்மா சொன்னாள்: "இத்தனை வருஷமா இங்க இருக்கோம், நியூயார்க்ல அந்தக் கிறிஸ்துமஸ் மார்க்கெட்டைப் பாத்ததே இல்ல. இன்னிக்குப் போலாமாங்க?"

வருடா வருடம் இதை அவள் கேட்பதும், கூட்டம், குளிர், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று அப்பா தட்டிக்கழிப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். அன்று அவர் மறுபேச்சு பேசவில்லை. "கிளம்பு" என்று சொல்லிவிட்டு, தனக்கு எலுமிச்சை சாதம் கிளறப் போய்விட்டார். எனக்கு ஒரே ஆச்சரியம். கூடவே மூளையும் வேலை செய்தது. மார்க்கெட்டில் சாண்டா கிளாஸ் உட்கார்ந்திருப்பார் என்று தோழி சொல்லியிருந்தாள். அப்பா யாரிடமோ ஒன்றைக் கேட்கிறார், கொடுக்கிறவர் தாமதம் செய்கிறார், அதனால் தாடி வளர்கிறது. நான் இன்னொருவரிடம் நேராகக் கேட்டுவிட்டால் என்ன?

ரயிலில் போனோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் நாயோடு நின்றார். அப்பாவின் தாடியை ஒருமுறை பார்த்தார், கறுப்பு உடையை ஒருமுறை பார்த்தார், செருப்பைப் பார்த்ததும் குழம்பிப்போனார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாய் மட்டும் அப்பாவைச் சட்டையே செய்யவில்லை.

மார்க்கெட் ஒரு பெரிய பூங்காவுக்குள் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் மாதிரி வரிசையாகக் கடைகள், மேலே சரம் சரமாக விளக்குகள், நடுவில் பனிச்சறுக்குத் தளம். மர பொம்மை, மெழுகுவர்த்தி, கம்பளித் தொப்பி என்று கடைக்குக் கடை கூட்டம் மொய்த்தது. பட்டை வாசனையும் இறைச்சி பொரிக்கிற வாசனையும் மாறி மாறி வந்தன. எனக்கு ஹாட் சாக்லேட் வாங்கித் தந்தார்கள். மேலே மிதந்த மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும் என்று அம்மா அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அப்பா டப்பாவைத் திறந்து, சறுக்குத் தளத்தின் ஓரமாக நின்றபடியே எலுமிச்சை சாதம் சாப்பிட்டார். அந்த மஞ்சள் சாதம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று ஒரு பெண்மணி ஆசையாக விசாரித்தாள்.

ஒரு கடையில் கண்ணாடிப் பறவைகள் தொங்கின. அம்மா நீல நிறத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாள்.

"வேண்டாங்க. இதை வச்சு யாரு பாக்கப் போறா."

"வாங்கு" என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். எதை வாங்குவதாக இருந்தாலும் ஆன்லைனில் விலை பார்க்காமல் அசையாத மனிதர், அந்தப் பறவையை அவரே எடுத்துக் கடைக்காரியிடம் நீட்டினார்.

அதன் பிறகு அம்மா களைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாண்டாவைப் பார்க்க நானும் அப்பாவும் மட்டும் போனோம். வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற குட்டிப் பையன் அப்பாவையே உற்றுப் பார்த்துவிட்டு, இவர் சாண்டாவின் தம்பியா என்று தன் அம்மாவைக் கேட்டான். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்பா சிரிக்கக்கூட இல்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

என் முறை வந்தது. சாண்டா வயதான கறுப்பின மனிதர். தாடி அசல், கிட்டத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஜனவரிக்குள் என் அப்பாவின் தாடி போக வேண்டும் என்று காதில் சொன்னேன். வேறு பொம்மை எதுவும் வேண்டாமா என்றார். வேண்டாம், இது மட்டும் போதும் என்றேன்.

"தாடி என்றால் உனக்குப் பிடிக்காதா?" என்று தன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"உங்களுக்குப் பரவாயில்லை. உங்களுக்கு அது வேலைக்கு வேண்டியிருக்கிறது" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, ஓரமாக நின்ற அப்பாவைப் பார்த்து, உரத்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்பாவுக்கு என்ன வேண்டும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு?"

எல்லா அப்பாக்களிடமும் கேட்கிற வேடிக்கைக் கேள்விதான் அது. எனக்கு முன்னால் போன பையனின் அப்பா, புதுக் கார் என்று சொல்ல, எல்லோரும் சிரித்திருந்தார்கள். என் அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். பிறகு இரண்டு எட்டு முன்னால் வந்து, "சாமி சரணம்" என்று சொல்லிக் குனிந்து, சாண்டாவின் பூட்ஸை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்டவர் உடனே எழுந்திருக்கவுமில்லை. கேமரா பளிச்சென்று மின்னியது.

சாண்டா வெள்ளைக் கையுறை போட்ட கையை அப்பாவின் தலைமேல் வைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார். நான் அவமானத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால் அது என்னவென்று கேட்கவில்லை. அப்பாவிடம் பிற்பாடு கேட்டபோது, அவருக்கும் நினைவில்லை என்றார்.

என் வேண்டுதல் பலித்தது. விசா ஸ்டாம்பிங் சிக்கலில் ஊருக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்பதால், அப்பா சபரிமலைக்குப் போகவில்லை. ஜனவரியில் எடிசன் பக்கத்துக் கோயிலிலேயே இருமுடி சுமந்து, அங்கே மரத்தில் அமைத்திருந்த படிகளில் ஏறி, மாலையைக் கழற்றினார். அதற்குள் அம்மாவின் ரிசல்ட்டும் வந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி. டோனட் விருந்துக்கு மழமழவென்ற முகத்தோடு வந்த அப்பா, முட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு டோனட்டை ஒரே மூச்சில் தின்றார். வெகுநாள் வரைக்கும் இது முழுக்க முழுக்க என் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாண்டாவோடு எடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுத்த அந்தப் படம் இப்போதும் எடிசன் வீட்டுப் பூஜை அலமாரியில், ஐயப்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே அந்த நீலப் பறவை. படத்தில் என் முகம் பாதிதான் தெரிகிறது, அதுவும் அழப்போகிற முகம். அப்பாவின் முதுகு மட்டும்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. வேறு நல்ல படம் வைக்கலாமே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வரும் ரயிலில், அம்மாவும் அப்பாவும் ஒரே சீட்டில், விதிப்படி நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரில். உட்கார இடம் கிடைத்ததும் அம்மாவிடம் புகார் சொல்லிவிட வேண்டும் என்று அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"அம்மா, அப்பா சாண்டா கால்ல விழுந்துட்டார்! எவ்ரிபடி ஸா!" என்று சாட்சிக்குப் படத்தை நீட்டினேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது, நன்றாகத் திட்டப்போகிறாள் என்று நான் சந்தோஷமாகக் காத்திருந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே இருட்டிவிட்டிருந்தது, கண்ணாடியில் அவருடைய தாடிதான் தெரிந்தது.

"என்ன கேட்டீங்க அவர்கிட்ட?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் கேக்கல. கேக்க வாயே வரல" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

அம்மா நடுவிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நோ டச்சிங்!" என்றேன்.

அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மா தள்ளி உட்காரவில்லை. இத்தனை நாளில் என் உத்தரவை அவர்கள் மீறியதே கிடையாது. ரயில் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சீட்டின் நுனிக்கு வந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.