கேமராவுக்கு அப்புறம்

என் கணவர் எதிலும் ஜாக்கிரதைக்காரர். ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னாலும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவார். காலாவதித் தேதியைப் படிக்காமல் ஒரு மாத்திரை விழுங்க மாட்டார். குடிப்பழக்கம் இல்லை. சிவப்பு விளக்கில் ஒருநாளும் தாண்டியதில்லை. வேகம் ஒன்றுதான். அதை அவர் தப்பு என்று நினைத்ததே இல்லை.

சேலையூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் அதைத் தப்பு என்று நினைத்தவர்கள் யாரும் இருந்ததாகவும் தெரியவில்லை. சாலைகளில் வேகக் கேமராக்கள் வந்து, அபராதம் கட்டச் சொல்லி போனுக்குச் செய்தி வர ஆரம்பித்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே கார் துடைத்தபடி ஆண்கள் பேசுவது பால்கனி வரை கேட்கும்.

"முன்னாடி மரத்தடியில நின்னு புடிச்சாங்க. இப்ப கம்பத்து மேல ஏறி உக்காந்து புடிக்கிறாங்க" என்பார் மூன்றாவது மாடிக்காரர்.

"எட்டு வழி ரோடு போட்டுக் குடுத்துட்டு அறுபதுல போன்னா எப்படி சார்?" என்பார் என் கணவர்.

எல்லோரும் சிரிப்பார்கள். யாருக்கு எங்கே மாட்டியது என்று சொல்லிக்கொள்வார்கள். மழையைப் பற்றியோ தண்ணீர் லாரியைப் பற்றியோ பேசுவதுபோல்தான் அந்தப் பேச்சு இருக்கும். வேகம் என்பது இன்னொரு ஆளின் மேல் போய் இடிக்கக்கூடிய ஒன்று என்ற நினைப்பு அதில் எங்கும் வராது. எனக்கும் அப்போது அது உறைத்ததில்லை.

இரண்டு தடவை அபராதம் வந்ததும், வழிகாட்டும் செயலியில் கேமரா எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டார். கேமராவுக்குச் சற்று முன்பே ஒரு பெண் குரல் சொல்லும். உடனே காலை எடுப்பார். கார் சாதுவாகக் கம்பத்தைத் தாண்டும். தாண்டியதும் மறுபடி அழுத்துவார். முன்னால் சாய்ந்து, பிறகு சீட்டில் முதுகு போய் ஒட்டுவது எனக்குப் பழகிவிட்டது.

அன்று துரைப்பாக்கத்தில் என் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலை வெயில் ஏறிவிட்டது. மேடவாக்கம் வழியாக வந்து, பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் சதுப்பு நிலம். கடையோ வீடோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலை காலியாக இருந்தது. செயலி கேமரா வருகிறது என்றது. அவர் குறைத்தார். கம்பம் போயிற்று. அழுத்தினார்.

"மெதுவாங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன்.

"கேமரா தாண்டியாச்சு" என்றார்.

நான் வேகம் காட்டும் எண்ணைப் பார்த்தேன். எங்கள் காரில் அது பெரிதாக, பச்சையாகத் தெரியும். நூற்றுப் பத்து. அதிலிருந்து கண்ணை எடுத்தபோது, சாலையோரம் ஒருவர் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. அவருக்கு முன்னால், ஹெல்மெட்டையும் ஒரு துணிப்பையையும் பிடித்தபடி ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். முன்னால் போன வேன் திடீரென்று வலது பக்கம் ஒதுங்க, இவர் இடது பக்கம் திருப்பினார். பிரேக் போட்டார். அந்த வேகத்தில் பிரேக் போட்டு என்ன.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் என் கணவர் ஒன்றும் ஓடி ஒளியவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அவரேதான் இறங்கி ஓடினார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், சட்டையைக் கழற்றி அந்த மனிதரின் தலைக்கு அடியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கூடவே போனார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டை இன்னும் மடியில் வைத்திருந்தாள். அவள் கணவர் மேடவாக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவர் என்று சொன்னாள். எப்படி நடந்தது என்று ஒரு காவலர் வந்து கேட்டார்.

"நான் முன்னால போய்க்கினு இருந்தேன் சார். சத்தம்தான் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறேன், வண்டி ஒரு பக்கம் கீது, அவரு ஒரு பக்கம் கீறாரு."

"கார் எவ்வளவு ஸ்பீடா வந்துச்சு?"

"தெர்லியே சார். நான் பாக்கலியே."

காவலர் எழுதிக்கொண்டு போனார். என்னிடம் அவர் கேட்கவில்லை. சில நாளில் அந்த மனிதர் இறந்துபோனார். நினைவு திரும்பவே இல்லை.

என் கணவரை ஜாமீனில் எடுத்தது, வக்கீலைப் பார்த்தது எல்லாம் அவருடைய அண்ணன்தான். தம்பி மேல் உயிராக இருப்பவர். ஒருநாள் மாலை முகம் மலர்ந்து வந்தார்.

"பயப்படாதம்மா. அந்தக் கேமராவுல நம்ம வண்டி பதிவாகியிருக்கு. அம்பத்தெட்டுலதான் போயிருக்கு. லிமிட்டுக்குள்ள. அடிபட்ட இடம் அங்கேருந்து கொஞ்சம் தூரம்தான். இதவிட வேற என்ன சாட்சி வேணும்?"

என் கணவர் எதிர்ச் சோபாவில் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி கீழேயும் பரவியது. கேமராவைத் திட்டிய அதே ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். "கேமராவே சொல்லுது சார், உங்க மேல தப்பு இல்லன்னு." "அந்த ரோட்ல எவன் வண்டியத் தள்ளிட்டுப் போவான்?" மூன்றாவது மாடிக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க நேரம் அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். இறந்தவரின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். "கேமரா தாண்டினப்புறம் நீங்க அழுத்தினீங்கல்ல?"

"கொஞ்சம் ஏறியிருக்கும். எழுபது இருக்கும்."

"நூத்திப் பத்து. நான் பாத்தேன்."

"பதட்டத்துல உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. நான் அம்பத்தெட்டுல போயிட்டு இருந்தேன்னு மெஷினே சொல்லுதே."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. நம்பத் தொடங்கியிருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாப்பிட்டார், தூங்கினார், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். நான் தேறவில்லை. சமையலறையில் குக்கர் விசில் வந்தால்கூட ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். இறந்தவரின் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், பார்க்கவில்லை. வேன்காரன் நிற்காமல் போய்விட்டான். காரின் வேகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

ஒரு வாரநாளில் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன். வழக்கை விசாரித்தவர் வயதான இன்ஸ்பெக்டர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"இல்ல சார்."

"யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. பாத்ததச் சொல்றேன்."

"நாளைக்குக் கோர்ட்ல ஏறி நின்னு, புருஷன் எதிர்லயே இதச் சொல்லணும். யோசிச்சுக்கோங்க."

யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். பேனாவைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் நானே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அவருடைய அண்ணன்தான் மறுநாள் வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

"போனவரு திரும்பி வரப்போறாராம்மா? இவன உள்ள தள்ளி உனக்கு என்ன கிடைக்கப்போவுது?"

"எனக்கு ஒண்ணும் கிடைக்காது மாமா."

"அப்புறம்?"

இன்றும் யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கீழே பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஆண்கள் என் கணவரிடம் முன்னைவிட அன்பாக இருந்தார்கள். அவருக்கு வந்த உண்மையான கஷ்டம் நான்தான் என்பதுபோல.

வழக்கு இழுத்தது. கூண்டில் நான் நின்ற அன்று அவருடைய வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். நான் கார் ஓட்டுவேனா, கண்ணாடி போடுகிறவளா, இடது சீட்டிலிருந்து பார்த்தால் எண் சரியாகத் தெரியுமா, எத்தனை நொடி பார்த்தேன். கடைசியாக, "கேமரா தப்பு, நீங்க சரி. அப்படித்தானே?" என்றார்.

"கேமரா தப்பு இல்ல சார். அது பாத்த இடத்துல அவர் மெதுவாத்தான் போனார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விடுவித்தார்கள். தீர்ப்பு வந்த அன்று இறந்தவரின் மனைவியும் வந்திருந்தாள். வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தவளிடம் போனேன். என்ன சொல்வது என்று யோசிக்காமலே போய்விட்டேன்.

"நீங்க அன்னிக்கி அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியா? மெதுவா போன்னு?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

தலையை ஆட்டினாள். "நானும் சொன்னேன். டயர்ல காத்து கம்மியா கீது, பஸ்ல போலாம்னு. கேக்கல."

கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவளுடைய தம்பி ஆட்டோ கொண்டுவந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

நானும் என் கணவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தேவையானதைப் பேசிக்கொள்கிறோம். விடுதலையாகிச் சில மாதம் கழித்து, ஒரு மாலை கொடியிலிருந்து எடுத்த துணிகளை நான் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நெஜமாவே நூத்திப் பத்தா?" என்றார்.

"ஆமா."

என் கையிலிருந்த சட்டையை வாங்கி, மடிக்கத் தெரியாமல் மடித்தார்.

"அந்த ரோட்ல எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். வாதாடுகிற குரல் இல்லை. நான் ஆமாம் என்று சொல்வேனா என்று காத்திருந்தார்.

நான் அடுத்த துணியை எடுத்தேன். மறுநாள் காலை அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எப்போதும்போல் வேலைக்குக் கிளம்பினார்.